பித்தப்பை ஆபரேஷன்: பில் 2,16,600, இன்சூரன்ஸ் கொடுத்தது 1,42,250. மீதிக்கு யாரைக் கேட்பது?

தண்டையார்பேட்டை_தாமு

அம்மாவுக்கு 62 வயது. பித்தப்பையில் கல், லேப்ராஸ்கோப்பி செய்தோம். நம் ஏரியா பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். 5 லட்சம் பாலிசி, கேஷ்லெஸ் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். அட்மிஷன் கவுன்டரில் முதல் கேள்வியே "இன்சூரன்ஸ் இருக்கா?" என்பதுதான், வலி எங்கே என்பது இரண்டாவது.

பில்லை அப்படியே போடுகிறேன். அறை 4 நாளைக்கு 32,000. சர்ஜன், மயக்க மருத்துவர், தியேட்டர், நர்சிங் எல்லாம் சேர்த்து 1,20,000. மருந்தும் டிஸ்போசபிளும் 45,000. ஸ்கேன், ரத்த டெஸ்ட் 18,000. கடைசியில் என்னவென்றே எழுதாமல் ஒரு 1,600. மொத்தம் 2,16,600. கம்பெனி கொடுத்தது 1,42,250. கையிலிருந்து 74,350 கட்டிய பிறகுதான் வீட்டுக்கு விட்டார்கள்.

இப்போது புதுப்பிக்கச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கிறது. போன வருடம் வரியோடு 41,300, இந்த வருடம் 38,500. 5 லட்சத்துக்கு பாலிசி வைத்துக்கொண்டு 2 லட்சம் பில்லுக்கே முக்கால் லட்சம் கைக்காசு போடுவதென்றால் இதை எதற்குக் கட்ட வேண்டும்? அப்பா (66) விட்டுவிடலாம் என்கிறார்.

கல்மண்டபம்77

அந்த 1,600 அறைக்கான ஜிஎஸ்டி. ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் போகும் அறைக்கு 5 சதவீதம், 2022 ஜூலை 18-லிருந்து. ஐசியூவுக்குக் கிடையாது. 32,000-க்கு 5 சதவீதம், கணக்கு சரியாக வருகிறது. 8,000 ரூபாய் அறை யார் கேட்டது தம்பி?

வியாசர்பாடி_வாத்தி

அப்பா சொல்வதுதான் சரி. வருடம் 40,000 என்று வைத்தால் பத்து வருடத்தில் 4 லட்சம், வட்டி தனி. பேங்கில் போட்டு வையுங்கள், காய்ச்சல் தலைவலிக்கு ஏரியா டாக்டர், பெரிதாக ஏதாவது என்றால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி. இன்சூரன்ஸ்காரன் கையில் பாலிசி புத்தகம், நம் கையில் பில், நடுவில் ஆஸ்பத்திரி. மூன்று பேரில் படிக்காதவர் நாம் ஒருவர்தான்.

முன்னாள்_டிபிஏ

தாமு, செட்டில்மென்ட் லெட்டரில் "ப்ரபோர்ஷனேட் டிடக்‌ஷன்" என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். நான் சில வருடம் ஒரு டிபிஏ (இன்சூரன்ஸ் கம்பெனிக்காக கிளைம் பார்க்கும் நிறுவனம்) டெஸ்க்கில் உட்கார்ந்தவன், உங்கள் தொகையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

உங்கள் பாலிசியில் அறை வாடகைக்கு உச்சவரம்பு இருக்கிறது. பழைய பாலிசிகளில் பெரும்பாலும் காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது நாளைக்கு 5,000. நீங்கள் எடுத்த அறை 8,000. அதிகமான 3,000-ஐ மட்டும் நாம் கட்டினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அப்படி இல்லை. அறை எந்த விகிதத்தில் மீறியதோ அதே விகிதத்தில் சர்ஜன் பீஸ், மயக்க மருத்துவர், தியேட்டர், நர்சிங் எல்லாவற்றையும் வெட்டுவார்கள். எட்டில் ஐந்து பங்குதான் தருவார்கள். அறையில் போனது 12,000, ஆனால் 1,20,000-இல் போனது 45,000. ஒரு கதவு மாறியதற்கு 57,000.

இதற்கு மேல் கையுறை, முகக்கவசம், டயப்பர், அட்மிஷன் கிட் மாதிரி "தரமாட்டோம்" பட்டியல் ஒன்று, அதில் 68 ஐட்டம் இருக்கிறது. உங்கள் பில்லில் அது எவ்வளவு?

தண்டையார்பேட்டை_தாமு

லெட்டரில் அப்படியே இருக்கிறது அண்ணே. "நான் பேயபிள்" 9,000. ஆனால் கூட்டிப் பார்த்தால் இடிக்கிறது. 12,000 + 45,000 + 9,000 + 1,600 = 67,600தான் வருகிறது. நான் கட்டியது 74,350.

8,000 ரூபாய் அறையை நாங்கள் கேட்கவில்லை. 5,000 அறை காலி இல்லை, இன்சூரன்ஸ் இருக்கிறதே, இதிலேயே இருங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள்.

முன்னாள்_டிபிஏ

வித்தியாசம் 6,750. உங்கள் டெஸ்ட் பில் 18,000-இல் எட்டில் மூன்று பங்கு சரியாக 6,750. அதையும் வெட்டியிருக்கிறார்கள், அது தவறு. இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் ஐஆர்டிஏஐ 2020-இலேயே எழுதி வைத்துவிட்டது: மருந்து, கன்ஸ்யூமபிள், உடலுக்குள் வைக்கும் இம்பிளான்ட், கருவிகள், டயக்னாஸ்டிக் டெஸ்ட், இவற்றில் விகித வெட்டு போடக்கூடாது. ஐசியூ கட்டணத்திலும் கூடாது. உங்களுக்கு மருந்தில் ஒழுங்காக விட்டுவிட்டு டெஸ்ட்டில் கை வைத்திருக்கிறார்கள். இது வேண்டுமென்று செய்ததா கைத்தவறா என்ற ஆராய்ச்சி வேண்டாம், மெயில் போடுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. அறையைப் பொறுத்து கட்டணம் மாறாத ஆஸ்பத்திரியில் இந்த வெட்டே செல்லாது. ஒரே ஆஸ்பத்திரியில் சில கட்டணம் மாறி, சில கட்டணம் மாறாமல் இருந்தால், மாறாத கட்டணத்தில் வெட்ட முடியாது. ஆகவே ஆஸ்பத்திரியில் போய் டாரிஃப் ஷீட் (கட்டணப் பட்டியல்) கேளுங்கள். ஜெனரல் வார்டில் படுத்தவருக்கும் உங்கள் அம்மாவுக்கும் தியேட்டர் வாடகை ஒன்றா, சர்ஜன் பீஸ் ஒன்றா என்று எழுத்தில் வாங்குங்கள். 5,000 அறை அன்று காலி இல்லை என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள், தரமாட்டார்கள், ஆனாலும் கேளுங்கள்.

மின்ட்_மீனா

நான் ஸ்டாஃப் நர்ஸ், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்காதீர்கள். வாத்தியார் சாருக்கு ஒரு பதில்.

பேங்கில் போடுவது நல்ல யோசனைதான், வியாதி பத்து வருடம் காத்திருப்பதாக இருந்தால். இரண்டாம் வருடம் பைபாஸ் என்றால் பேங்கில் 80,000 இருக்கும், அவ்வளவுதான். ஸ்டான்லியைப் பற்றி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம், அங்கே கை அறுவை சிகிச்சைப் பிரிவு இந்தியா முழுக்கப் பெயர் வாங்கியது. மணலி, எண்ணூர் கம்பெனியில் மெஷினில் கை மாட்டினால் எந்த பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கும் போகாமல் நேரே அங்கே போங்கள் என்றுதான் நானே சொல்வேன். பிரசவம் என்றால் ராயபுரம் ஆர்எஸ்ஆர்எம் அரசு ஆஸ்பத்திரி. ஆனால் தள்ளிப் போடக்கூடிய ஆபரேஷனுக்கு வரிசை உண்டு, கூட இருக்க வீட்டில் ஓர் ஆள் தினமும் லீவு போட வேண்டும், தினக்கூலிக்காரருக்கு அந்த லீவும் ஆஸ்பத்திரி செலவுதான். அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

அப்புறம் மருந்து. வார்டில் இருந்து வரும் சீட்டில் எம்ஆர்பி விலைதான் போடுவார்கள். டெல்லி பக்கத்து நாலு தனியார் ஆஸ்பத்திரி பில்களை 2018-இல் மருந்து விலையைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான என்பிபிஏ எடுத்துப் பார்த்தபோது சில பொருள்களில் லாபம் 1,737 சதவீதம் வரை போயிருந்தது. கொள்ளை விலையில் வாங்கி விற்கவில்லை, குறைந்த விலைக்கு வாங்கி, அச்சடித்த எம்ஆர்பிக்கு விற்றார்கள். சட்டப்படி அதில் தப்பே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ஆஸ்பத்திரி மருந்துக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது பற்றி 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் வரை போய், மாநில அரசுகள் கொள்கை வகுக்கட்டும் என்று விட்டுவிட்டது.

டிஸ்சார்ஜ் ஆன பிறகு மாதக்கணக்கில் சாப்பிடும் மாத்திரைக்காவது முதல்வர் மருந்தகமோ ஜன் ஔஷதியோ போங்கள். மூலப்பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், பிராண்ட் பெயர் சொன்னால் இல்லை என்பார்கள்.

காசிமேடு_கடல்

எல்லோரும் 40,000 பிரீமியம் பற்றிப் பேசுகிறீர்கள், எங்கள் தெருவில் அதைக் கட்டுகிறவர் கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் என்று ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லையே. வருடத்துக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் வரை, பிரீமியம் அரசு கட்டுகிறது. 2009-இல் கலைஞர் காப்பீடு என்று வந்தது, 2012-இல் இப்போதைய பெயர், 2018-இல் மத்திய அரசு திட்டத்தோடு சேர்த்தார்கள். குடும்ப வருமானம் வருடத்துக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும். முன்பு 72,000 என்று இருந்ததை 2022-இல் ஏற்றினார்கள். வருமானச் சான்றிதழ், ரேஷன் கார்டு, ஆதார் எடுத்துக்கொண்டு ராஜாஜி சாலை கலெக்டர் ஆபீசுக்குப் போனால் அங்கேயே பதிவு செய்கிறார்கள்.

என் அண்ணிக்கு கர்ப்பப்பை ஆபரேஷன் இதில்தான் ஆனது, தனியார் ஆஸ்பத்திரியில். ஒரு பைசா இல்லை என்று சொல்லமாட்டேன், ஸ்கேனுக்கு முதலில் கட்டச் சொன்னார்கள், கேட்டதும் திருப்பிக் கொடுத்தார்கள்.

கல்மண்டபம்77

கடல் சொல்வது சரி, ஆனால் 1,20,000 என்றால் மாதம் 10,000. சென்னையில் வாடகை கொடுத்துக்கொண்டு மாதம் 10,000-இல் வாழும் குடும்பம் எங்கே இருக்கிறது? லாஞ்சில் போகிறவருக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அந்த 61 நாள் வருமானம் இல்லை, மற்ற மாதம் மீன் பட்டால் உண்டு. இதை எந்தச் சான்றிதழில் எழுதுவது? மாதம் 18,000 சம்பாதிப்பவருக்கு அரசுக் காப்பீடும் கிடையாது, தனியார் பிரீமியமும் கட்ட முடியாது. வட சென்னையில் பாதிப் பேர் அங்கேதான் நிற்கிறார்கள்.

எண்ணூர்_எலக்ட்ரீஷியன்

18,000 சம்பளக்காரருக்கு இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) இருக்கிறதே. 21,000 வரை சம்பளம் இருந்தால், நம் பங்கு 0.75 சதவீதம், கம்பெனி 3.25. அதாவது 18,000-க்கு மாதம் 135 ரூபாய் பிடிப்பார்கள். நம்மையே நம்பி இருக்கும் அப்பா அம்மாவுக்கும் வைத்தியம் உண்டு. அயனாவரம் இஎஸ்ஐயில் எங்கள் அப்பாவுக்குப் பார்த்தேன். கான்ட்ராக்டர் பிடித்த பணத்தைக் கட்டுகிறாரா என்று மட்டும் உங்கள் இன்சூரன்ஸ் நம்பர் போட்டு பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்லிப்பில் பிடித்தம் காட்டிவிட்டு கட்டாத ஆட்கள் இங்கே ஏராளம்.

கொடுமை என்னவென்றால் இன்க்ரிமென்ட் வந்து 21,000 தாண்டினால் வெளியே போய்விடுவோம். உடனே இல்லை, அந்த அரையாண்டு (ஏப்ரல்-செப்டம்பர் அல்லது அக்டோபர்-மார்ச்) முடியும் வரை ஓடும். சம்பளம் 500 ஏறியதற்கு ஆஸ்பத்திரியை இழந்தவர்கள் எங்கள் செட்டில் இருக்கிறார்கள்.

நர்சிங்ஹோம்_கணக்கு

ஆஸ்பத்திரி தரப்பில் ஒருவராவது பேச வேண்டுமே என்று எழுதுகிறேன். சின்ன நர்சிங் ஹோமில் கணக்கு பார்க்கிறவன். திட்ட வேண்டுமென்றால் திட்டுங்கள்.

ஒரே ஆபரேஷனுக்கு எங்களிடம் மூன்று விலை. அரசு காப்பீட்டு ரேட் ஒன்று, கம்பெனியோடு பேசி வைத்த பேக்கேஜ் ரேட் ஒன்று, கைக்காசு ரேட் ஒன்று. முதலாவதில் சில கேஸ்களில் சர்ஜனுக்கும் மயக்க மருத்துவருக்கும் கொடுத்தது போக கரென்ட் பில்லுக்கே மிஞ்சாது. இரண்டாவதில் பணம் எப்போது வரும், எவ்வளவு வெட்டி வரும் என்று சொல்ல முடியாது. மருந்துக் கம்பெனிக்கும் நர்சுகளுக்கும் நாங்கள் மாதா மாதம் கொடுத்தாக வேண்டும். அந்தப் பள்ளத்தை எங்கே நிரப்புவோம்? அறையிலும் கைக்காசு பேஷன்ட்டிடமும்தான்.

2017-இல் ஸ்டென்ட்டுக்கு உச்ச விலை வைத்தார்கள், சாதா ஸ்டென்ட் 7,260, மருந்து பூசியது 29,600. நல்ல காரியம், அதற்கு முன் லட்சத்துக்கு மேலெல்லாம் வாங்கினார்கள். ஆனால் ஸ்டென்ட் விலை குறைந்த அளவுக்கு ஆஞ்சியோபிளாஸ்டி பில் குறைந்ததா என்று நீங்களே பாருங்கள். தண்ணீர் ஓட்டையை ஒரு பக்கம் அடைத்தால் இன்னொரு பக்கம் வரும். பொருளுக்கு விலை வைக்கலாம், சர்வீசுக்கு யாரும் வைக்கவில்லை. தமிழ்நாட்டில் 1997 சட்டம் இருக்கிறது, பதிவு செய்ய வேண்டும், வசதிகள் இருக்க வேண்டும் என்றெல்லாம் கேட்கிறது, எவ்வளவு வாங்கலாம் என்று சொல்வதில்லை.

வியாசர்பாடி_வாத்தி

அப்படியானால் கணக்கு சார், 5,000 அறை "காலி இல்லை" என்பதும் பள்ளம் நிரப்பும் வேலைதானா?

நர்சிங்ஹோம்_கணக்கு

சில சமயம் நிஜமாகவே காலி இருக்காது. சில சமயம் இருக்கும். இதற்கு மேல் எழுதினால் என் வேலைக்கு ஆபத்து.

முன்னாள்_டிபிஏ

நேர்மையான பதில். தாமுவின் நிஜமான கேள்விக்கு வருகிறேன்: புதுப்பிப்பதா வேண்டாமா. என் கருத்து, விடாதீர்கள். மாற்றுங்கள்.

38,500 எப்படி வந்தது என்று பாருங்கள். போன வருடம் வரி இல்லாமல் 35,000, 18 சதவீத வரி 6,300. 2025 செப்டம்பர் 22-லிருந்து தனிநபர் ஹெல்த் பாலிசிக்கு வரி கிடையாது. ஆகவே 35,000-தான் வந்திருக்க வேண்டும், 3,500 ஏற்றியிருக்கிறார்கள், சரியாக 10 சதவீதம். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் ஐஆர்டிஏஐயிடம் கலந்து பேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவு வந்தது. அதனால் பல கம்பெனிகளுக்கு 10 என்பது உச்சவரம்பாக இல்லாமல் வருடாந்திர வழக்கமாகவே ஆகிவிடும் என்பது என் பயம். வரி போன சந்தோஷத்தில் இந்த ஏற்றத்தை யாரும் கவனிக்கவில்லை.

கிளைம் எடுத்தீர்கள் என்பதற்காக புதுப்பிக்க மறுக்க முடியாது. தொடர்ந்து 60 மாதம் கட்டியிருந்தால் அப்புறம் "முன்பே சுகர் இருந்ததை மறைத்தீர்கள்" என்று கிளைமைத் தள்ள முடியாது, மோசடி என்று நிரூபித்தால் தவிர. 2024-க்கு முன் இது 8 வருடம். இந்த வயதில் விட்டுவிட்டு நாளைக்குப் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குப் பணம் தராத காத்திருப்புக் காலம் எல்லாம் மறுபடி ஒன்றிலிருந்து.

மாற்றுவது என்றால் போர்ட்டிங், அதாவது பாலிசியை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோவது. அறை உச்சவரம்பு இல்லாத பாலிசிக்கு மாறலாம், காத்திருந்த வருடங்கள் கூடவே வரும், பழைய தொகை அளவுக்கு. புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்னால் விண்ணப்பிக்க வேண்டும். 62, 66 வயதில் புதுக் கம்பெனி ஏற்காமலும் போகலாம், ஆகவே ஏற்றுக்கொண்டேன் என்று எழுத்தில் வரும் வரை பழையதை விடக்கூடாது. பிரீமியம் தாங்கவில்லை என்றால் அடிப்படைப் பாலிசியை 3 லட்சமாக்கி மேலே சூப்பர் டாப்-அப் (அந்தத் தொகைக்கு மேல் போகும் செலவைத் தரும் கூடுதல் பாலிசி) போடுங்கள். வெறும் டாப்-அப் வேண்டாம், அது ஒவ்வொரு பில்லாகப் பார்க்கும், சூப்பர் டாப்-அப் வருடத்து மொத்தத்தைப் பார்க்கும்.

பெரம்பூர்_ரயில்

எங்களுக்கு ரயில்வே ஆஸ்பத்திரி இருப்பதால் இதெல்லாம் வேறு உலகம் மாதிரி இருக்கிறது. ஒன்று கேட்க வேண்டும், என் மாமனார் 71, ரயில்வே இல்லை, பாலிசியே இல்லை. இப்போது எடுக்க முடியுமா?

முன்னாள்_டிபிஏ

65 வயது என்ற தடை 2024-இல் போய்விட்டது, ஆனால் கம்பெனி ஏற்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு காத்திருப்பு அதிகபட்சம் 3 வருடம். சுகர், பிரஷர், பழைய ஆபரேஷன் எதையும் மறைக்காதீர்கள். ஏஜென்ட் "அதெல்லாம் எழுத வேண்டாம் சார்" என்றால் வேறு ஏஜென்ட்டைப் பாருங்கள்.

மின்ட்_மீனா

டிஸ்சார்ஜ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டாக்டர் காலையில் வீட்டுக்குப் போகலாம் என்பார், கம்பெனி அப்ரூவல் வர சாயங்காலம் ஆகும், அந்த நாள் அறை வாடகையும் ஏறும். 2024 மே மாதம் வந்த ஐஆர்டிஏஐ சர்க்குலர்படி கம்பெனி சேர்க்கும்போது ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜில் மூன்று மணி நேரத்திலும் பதில் சொல்ல வேண்டும், மூன்று மணிக்கு மேல் இழுத்ததால் ஆஸ்பத்திரி கேட்கும் கூடுதல் பணத்தை கம்பெனிதான் ஏற்க வேண்டும். ஆனால் அந்த மூன்று மணி நேரம் ஆஸ்பத்திரி பேப்பரை அனுப்பியதிலிருந்துதான். எங்கள் பக்கம் பில்லிங்கில் ஃபைல் தூங்குவதற்கு அதில் பதில் இல்லை. எத்தனை மணிக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டு குறித்துக்கொள்ளுங்கள், கேட்டாலே வேகம் வரும்.

தண்டையார்பேட்டை_தாமு

அப்டேட். டெஸ்ட்டில் வெட்டிய 6,750-ஐப் பற்றி 2020 விதியைச் சொல்லி மெயில் போட்டேன், விளக்கம் எதுவும் இல்லாமல் அக்கவுன்ட்டில் போட்டுவிட்டார்கள். டாரிஃப் ஷீட் தர ஆஸ்பத்திரியில் இழுத்தடித்தார்கள், கடைசியில் கிடைத்தது. சர்ஜன் பீஸ், மயக்க மருத்துவர், நர்சிங் எல்லாம் அறைக்குத் தகுந்தபடி மாறுகிறது. தியேட்டர் வாடகை 40,000, எல்லா அறைக்கும் ஒன்றே. அறை காலி இல்லை என்று எழுதித் தர மறுத்துவிட்டார்கள். அப்பாவை சமாதானப்படுத்தி புதுப்பித்தாயிற்று, போர்ட்டிங்குக்குத் தேதி தாண்டிவிட்டது, அடுத்த வருடம்தான்.

முன்னாள்_டிபிஏ

அப்படியானால் 40,000-இல் வெட்டிய 15,000 உங்களுக்கு வர வேண்டியது. மீதி 80,000-இல் வெட்டியது நிற்கும், அதற்குப் போராடி நேரத்தை வீணாக்காதீர்கள். டாரிஃப் ஷீட்டை இணைத்து கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது மறுத்தார்கள் என்றால் தேனாம்பேட்டையில் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்) அலுவலகம். பீஸ் கிடையாது, வக்கீல் தேவையில்லை, கம்பெனி மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், 50 லட்சம் வரை பார்ப்பார்கள். அங்கும் சரிவரவில்லை என்றால் வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம், 5 லட்சம் வரை அங்கேயும் கட்டணம் இல்லை.

காசிமேடு_கடல்

அந்த டாரிஃப் ஷீட்டை பேஷன்ட் பெயர் இல்லாமல் இங்கே போடுங்கள் தாமு. அடுத்து அங்கே போகிறவர் அட்மிஷனுக்கு முன்னாலேயே பார்த்துக்கொள்ளட்டும். காப்பீட்டு கார்டு வைத்துக்கொண்டு போகும்போது எங்களிடம் மேலே பணம் கேட்டால் 1800 425 3993, அதையும் முதல் பதிவில் சேர்த்துவிடுங்கள்.

தண்டையார்பேட்டை_தாமு

சேர்த்துவிட்டேன். ஷீட் மங்கலாக இருக்கிறது, சாயங்காலம் ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் போட்டு ஏற்றுகிறேன்.